ஏழு பேர்ச் எவ்வளவு பெரிது? அளவுகளை மாற்றும் கணக்கின் எளிய விளக்கம்

இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்தைக் கிலோவில் நிறுக்கிறோம், பாணை இறாத்தலில் கேட்கிறோம். காணி பேர்ச்சில் வருகிறது, வீடு சதுர அடியில், மணல் கியூப்பில், தேங்காயெண்ணெய் போத்தலில். மலையின் உயரத்தைப் பெரியவர்கள் அடியில் சொல்வார்கள், பிள்ளைகளின் புத்தகம் மீட்டரில் சொல்லும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பரனைட், நுவரெலியாவில் குளிர் என்றால் செல்சியஸ். வெள்ளைக்காரர் காலத்து அளவுகளும் மெட்ரிக் அளவுகளும் ஒரே வீட்டுக்குள் குடியிருக்கின்றன.

இத்தனை அளவுகளோடு பழகியும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நம்மில் பலர் தடுமாறுகிறோம். "மீட்டரை அடியாக்க மூன்றால் பெருக்கினால் சரி", "லீட்டரும் கிலோவும் ஒன்றுதான்", "ஒரு பேர்ச் பதினாறரை அடி" என்று அடிக்கடி கேட்கிறோம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்சம் இருக்கும் பிழை, காணி கைக்கு வரும்போதும் கொங்கிரீட் போடும்போதும் காசாக வெளியே தெரியும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவர்களுக்குக்கூட, ஏன் பெருக்குகிறோம், ஏன் வகுக்கிறோம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதை முதலிலிருந்து பார்ப்போம்.

எண் மாறும், பொருள் மாறாது

எந்த அளவிலும் இரண்டு பகுதிகள் உண்டு: ஓர் எண், ஓர் அலகு. அலகு என்பது, அளப்பதற்காக எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நிலையான பங்கு. அடி ஓர் அலகு, மீட்டர் ஓர் அலகு, கிலோ ஓர் அலகு. "அந்த அலகு இதற்குள் எத்தனை தடவை அடங்குகிறது?" என்ற கேள்விக்குப் பதில்தான் எண்.

ஆயிரம் ரூபாய் நோட்டு ஒன்றைக் கடையில் சில்லறையாக்குகிறீர்கள். நூறு ரூபாய் நோட்டாக வாங்கினால் பத்து, ஐம்பது ரூபாய் நோட்டாக வாங்கினால் இருபது. கையிலிருக்கும் காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நோட்டு சிறியதானால் எண்ணிக்கை கூடுகிறது, பெரியதானால் குறைகிறது, அவ்வளவுதான். அளவை மாற்றுவதும் இதுவேதான்.

சிவனொளிபாதமலை 7,359 அடி உயரம். மீட்டரில் சொன்னால் 2,243. மலை அப்படியே நிற்கிறது. அடி சிறிய அலகு, அதனால் எண் பெரிது. மீட்டர் பெரிய அலகு, எண் சிறிது.

பெருக்குவதா வகுப்பதா என்று தடுமாறும் எவருக்கும் இந்த ஒரு சோதனை போதும். கணக்குப் போடுவதற்கு முன்பே, விடை பெரிய எண்ணாக வரவேண்டுமா, சிறிய எண்ணாக வரவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய அலகுக்குப் போகிறோம் என்றால் எண் பெரிதாக வேண்டும். அப்படி வராவிட்டால் கணக்கு தலைகீழாகப் போயிருக்கிறது.

மாற்றுக் காரணி எங்கிருந்து வருகிறது?

ஓர் அலகுக்குள் மற்றோர் அலகு எத்தனை தடவை அடங்கும் என்று சொல்லும் எண்ணுக்கு மாற்றுக் காரணி என்று பெயர். ஓர் அங்குலத்துக்கு 2.54 சென்ரிமீட்டர் என்பதில் 2.54 மாற்றுக் காரணி.

இந்த 2.54 யாரோ அளந்து பார்த்துக் கண்டுபிடித்த தோராயமான எண் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முற்காலத்தில் பிரித்தானியாவின் அங்குலமும் அமெரிக்காவின் அங்குலமும் மயிரிழை அளவு வேறுபட்டிருந்தன. 1959இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் சேர்ந்து, ஒரு யார் என்றால் சரியாக 0.9144 மீட்டர், ஓர் இறாத்தல் என்றால் சரியாக 0.45359237 கிலோகிராம் என்று தீர்மானித்தன. யாருக்கு 36 அங்குலம், ஆகவே ஓர் அங்குலம் சரியாக 2.54 சென்ரிமீட்டர். இன்று அடியும் அங்குலமும் இறாத்தலும் தனியாக நிற்பவை அல்ல. அவை மீட்டரையும் கிலோகிராமையும் வைத்தே வரையறுக்கப்படுகின்றன. மீட்டரோ 1983இலிருந்து ஒளியின் வேகத்தை வைத்து வரையறுக்கப்படுகிறது: ஒளி வெற்றிடத்தில் ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம்தான் ஒரு மீட்டர். தச்சரின் அளவு நாடாவில் இருக்கும் அங்குலத்துக்கும் கடைசியில் ஆதாரம் அந்த ஒளிதான் என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இனி முறை. பதுளைக்குப் போகும் ரயில் பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 5 அடி 6 அங்குலம். அதை மில்லிமீட்டராக்குவோம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள்: 5 அடி என்றால் 60 அங்குலம், அதோடு 6, மொத்தம் 66 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர். 66 × 25.4 = 1,676.4 மில்லிமீட்டர். ரயில்வே புத்தகங்களில் 1,676 என்று இருப்பது இதுதான்.

நடந்ததைக் கவனியுங்கள். 25.4 மில்லிமீட்டரும் ஓர் அங்குலமும் ஒரே நீளம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை 1. எதையும் 1ஆல் பெருக்கினால் அது மாறாது. ஆகவே "ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர்" என்று பெருக்கும்போது நீளத்தை நாம் தொடவே இல்லை. மேலே இருந்த அங்குலமும் கீழே இருந்த அங்குலமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போய்விட்டன, மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சியது. அலகையும் எண்ணோடு சேர்த்து எழுதி, மேலும் கீழும் வெட்டுங்கள். தவறான பக்கம் பெருக்கினால் அங்குலம் வெட்டுப்படாமல் "அங்குலம் × அங்குலம்" என்று நிற்கும். பிழையை அதுவே காட்டிக்கொடுக்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: அளவு மாறாது, எண் மாறும். மாற்றுக் காரணி என்பது 1இன் இன்னொரு உருவம். சிறிய அலகுக்குப் போனால் எண் பெரிதாகும்.

விலையில் ஏன் தலைகீழாகிறது?

ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2.2 இறாத்தல். 18 கிலோ கொழுந்து என்றால் 39.7 இறாத்தல், எண் கூடுகிறது. ஆனால் கிலோ 400 ரூபாய் என்ற மரக்கறியின் இறாத்தல் விலை? கூடக் கூடாது, குறைய வேண்டும். 400 × 0.4536, ஏறத்தாழ 181 ரூபாய்.

விலையில் அலகு "ஒரு கிலோவுக்கு" என்று கீழே நிற்கிறது. கீழே நிற்கும் அலகு சிறியதானால் விலையும் சிறியதாகும். கூலிக் கணக்கு, பெற்றோல் செலவு, மணித்தியாலத்துக்குக் கிலோமீட்டர் என எதிலெல்லாம் "ஒன்றுக்கு இவ்வளவு" என்று வருகிறதோ, அதிலெல்லாம் இதே கதைதான்.

பேர்ச் என்னும் சதுரம்

மலையகக் குடும்பங்களுக்கு இந்தத் தலைமுறையில் மிக முக்கியமான அளவு எது என்று கேட்டால், நான் பேர்ச் என்பேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும்போது கையில் கிடைக்கும் காணி அதில்தான் வருகிறது. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது வீட்டுத் திட்டங்களில் நாம் அடிக்கடி கேட்ட கணக்கு. அந்த 7 பேர்ச் எவ்வளவு என்று கண்முன் கொண்டுவரத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதில் நின்று நிதானமாகப் போவோம்.

1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், காணி அளக்க 66 அடி நீளமுள்ள, 100 கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை உருவாக்கினார். பிரித்தானியர் போன இடமெல்லாம் அந்தச் சங்கிலியும் போனது. 66 அடி என்பது 22 யார். கிரிக்கெட் ஆடுகளத்தின் ஒரு விக்கெட்டிலிருந்து மற்ற விக்கெட் வரையுள்ள தூரமும் அதே 22 யார்தான். அந்த நீளத்தை நாலாகப் பிரித்தால் ஒரு பங்கு பதினாறரை அடி. நீளமும் பதினாறரை, அகலமும் பதினாறரை என்று ஒரு சதுரம் போடுங்கள். அதுதான் காணிக் கணக்கில் ஒரு பேர்ச்.

"ஒரு பேர்ச் பதினாறரை அடி" என்ற பேச்சில் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பதினாறரை அடி என்பது அந்தச் சதுரத்தின் பக்கம். காணிக்குச் சொல்லும் பேர்ச் என்பது பரப்பு: 16.5 × 16.5 = 272.25 சதுர அடி. மெட்ரிக்கில் 25.29 சதுர மீட்டர். அப்படி 40 சேர்ந்தால் ஒரு றூட், 160 சேர்ந்தால் ஓர் ஏக்கர். பழைய உறுதிகளில் ஏக்கர், றூட், பேர்ச் என்று மூன்று எண்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள் இதுதான்.

ஆக, 7 பேர்ச் என்றால் 7 × 272.25 = 1,905.75 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஒன்று 120 சதுர அடி. அப்படிப்பட்ட ஏறத்தாழ பதினாறு காம்பராக்களை ஒட்டி ஒட்டி வைத்தால் 7 பேர்ச் நிரம்பும். அதில் 550 சதுர அடிக்கு வீடு கட்டினால் 1,355 சதுர அடி மிஞ்சும். படி, வடிகால், மண்ணைத் தாங்கும் சுவர் எல்லாம் அந்த மிச்சத்துக்குள்தான் வரவேண்டும், அப்புறம்தான் தோட்டம்.

நீளத்தின் காரணியைப் பரப்புக்குப் பாவிக்கும் பிழையும் இங்கே நடக்கும். ஒரு மீட்டருக்கு 3.28 அடி. அப்படியென்றால் 100 சதுர மீட்டர் எத்தனை சதுர அடி? 328 என்று சொல்பவர்கள் அதிகம். சரியான விடை 1,076. ஒரு சதுர மீட்டரின் நீளமும் 3.28 அடி, அகலமும் 3.28 அடி, ஆகவே 3.28ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும், 10.76 வரும். கனத்துக்கு மூன்று தடவை. ரிப்பர் லொறியில் வரும் ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி இருப்பதால், ஒரு கியூப் ஏறத்தாழ 2.83 கன மீட்டர். "100 அடி மணல், முப்பது மீட்டர்" என்று யாராவது சொன்னால், அவர் நீளத்தின் காரணியைக் கனத்தின்மேல் போட்டிருக்கிறார்.

சரிவில் ஏறும் நாடா

சமவெளியில் இருப்பவர்களுக்குத் தேவைப்படாத, நமக்குக் கட்டாயம் தேவையான ஒரு விஷயம் இருக்கிறது. நில அளவைப் படத்தில் உள்ள பரப்பு, சரிவின் மேல் அளந்தது அல்ல. காணியை நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் கிடைப் பரப்புதான் படத்தில் வரும்.

எங்கள் பக்கத்தில் ஓர் அண்ணன் தனக்குக் கிடைத்த துண்டைத் தானே அளந்தார். மேல் கல்லில் நாடாவைப் பிடித்து, மகனைக் கீழ்க் கல்லுக்கு இறங்கச் சொன்னார். புல்லோடு புல்லாக நாடா கிடந்தது. 60 அடி. குறுக்கே 36 அடி 8 அங்குலம். பெருக்கினால் 2,200 சதுர அடி, எட்டு பேர்ச்சுக்கும் கொஞ்சம் மேல். படத்தில் ஏழு என்று இருக்கிறது. "தம்பி, ஒரு பேர்ச்சை எவனோ விழுங்கிட்டான் பாருங்க" என்று படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

யாரும் விழுங்கவில்லை. மேல் கல்லுக்கும் கீழ்க் கல்லுக்கும் உயரத்தில் 30 அடி வித்தியாசம் இருந்தது. 60 அடி சாய்ந்து இறங்கி, 30 அடி கீழே போனால், கிடையாக நகர்ந்த தூரம் 52 அடி மட்டுமே (60இன் வர்க்கத்திலிருந்து 30இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள், செங்கோண முக்கோணக் கணக்குதான்). 52 × 36.67 = ஏறத்தாழ 1,907 சதுர அடி. சரியாக ஏழு பேர்ச்.

நீங்களே அளப்பதென்றால் நாடாவைத் தரையோடு விடாதீர்கள். ஒரு முனையை உயர்த்தி மட்டமாகப் பிடித்து, அந்த முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் குச்சி அடித்து, அங்கிருந்து அடுத்த துண்டை அளந்து, படிப்படியாக இறங்குங்கள். எல்லாத் துண்டுகளையும் கூட்டினால் படத்தின் நீளத்துக்குப் பக்கத்தில் வரும். அப்படி அளந்தும் பெரிய வித்தியாசம் வந்தால் நில அளவையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் காணி, கேட்பதற்கு முழு உரிமையும் உண்டு.

சுருக்கமாக: நீளத்துக்கு ஒரு தடவை, பரப்புக்கு இரண்டு தடவை, கனத்துக்கு மூன்று தடவை. காணியின் பரப்பு என்பது கிடைப் பரப்பு.

லீட்டரும் கிலோவும் ஒன்றல்ல

இதுவரை நீளத்தை நீளமாகவும் பரப்பைப் பரப்பாகவும் மாற்றினோம். லீட்டரைக் கிலோவாக்குவது வேறு விதமான வேலை. லீட்டர் ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று சொல்கிறது. கிலோ அது எவ்வளவு கனம் என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே, எந்தப் பொருள் என்ற கேள்வி நிற்கிறது.

அந்தக் கேள்விக்கான பதிலுக்கு அடர்த்தி என்று பெயர்: ஒரு லீட்டர் இடத்தில் எத்தனை கிலோ அடங்கும் என்ற எண். தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ சரியாக 1. அதனால்தான் "லீட்டரும் கிலோவும் ஒன்று" என்ற பேச்சு வந்தது. தண்ணீரைத் தாண்டினால் அது நிற்காது. தேங்காயெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.92. 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் 690 கிராம்தான் இருக்கும். ஒரு கடையில் போத்தல் கணக்கிலும் இன்னொரு கடையில் கிலோ கணக்கிலும் எண்ணெய் விற்றால், விலையை ஒப்பிடுவதற்கு முன் இந்த 0.92ஐ நடுவில் வைத்தாக வேண்டும். ஒரு சுண்டு அரிசியும் ஒரு சுண்டு மாவும் தராசில் ஒன்றாக நிற்காததற்கும் காரணம் இதுவே.

இந்த எண் தவறிப்போனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று இருக்கிறது. 1983 ஜூலை 23 அன்று எயார் கனடாவின் போயிங் 767 விமானம் மொன்ட்றியலிலிருந்து எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. கனடா மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். விமானத்தின் எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. அதனால் தாங்கியில் குச்சி விட்டு அளந்தார்கள்: 7,682 லீட்டர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லீட்டரைக் கிலோவாக்க ஏறத்தாழ 0.8ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பழக்கத்தில் இருந்த 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லீட்டர் எரிபொருளின் நிறை, ஆனால் இறாத்தலில். 13,597 என்று விடை வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்காக 4,916 லீட்டர் மட்டும் நிரப்பினார்கள். சரியான கணக்கில் ஏறத்தாழ 20,000 லீட்டர் நிரப்பியிருக்க வேண்டும்.

தேவையானதில் பாதிகூட இல்லாத எரிபொருளோடு பறந்த விமானத்தின் இரு இயந்திரங்களும் பறப்பின் நடுவே ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. விமானி அதைச் சறுக்கவிட்டே இறக்கி, கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் தரையிறக்கினார். எல்லோரும் உயிர் தப்பினார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் படித்தவர்கள், அனுபவசாலிகள். அவர்கள் எழுதிய தாளில் 1.77 என்ற எண் இருந்தது, அதற்குப் பக்கத்தில் "ஒரு லீட்டருக்கு இறாத்தல்" என்ற அலகு இல்லை. அது இருந்திருந்தால் கிலோவோடு இறாத்தல் வெட்டுப்படாமல் நின்றிருக்கும். அலகை எழுதுங்கள் என்று நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. "நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள்" என்று தொழிற்சாலைப் பக்கம் சொல்வார்கள். அது அலகு மாற்றம் அல்ல. கொழுந்திலிருக்கும் ஈரம் போனதும் மிஞ்சுவது எவ்வளவு என்ற அனுபவக் கணக்கு. மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி கூடும் குறையும். ஓர் அங்குலத்துக்கு 2.54 சென்ரிமீட்டர் என்பது எந்த மழையிலும் மாறாது. மாறக்கூடிய விகிதத்தையும் மாறாத வரையறையையும் ஒரே பட்டியலில் வைத்து மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மின்சாரப் பட்டியலும் அப்படித்தான். வாற்று என்பது சாமான் எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பது. யூனிட் என்பது மொத்தமாக எவ்வளவு இழுத்தது என்பது. 1,000 வாற்று சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். நேரத்தைச் சொல்லாமல் வாற்றை யூனிட்டாக மாற்ற வழியே இல்லை.

மழையை ஏன் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்?

தண்ணீரை லீட்டரில் அளக்கும்போது, மழையை மட்டும் நீளத்தில் அளப்பது ஏன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெய்த மழை ஓடாமல், ஊறாமல் அப்படியே சமதரையில் நின்றால் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் என்பதுதான் அந்த எண். பெரிய முற்றமோ சிறிய முற்றமோ, உயரம் ஒன்றுதான். அதனால் நீளமே போதுமானது. பழைய தோட்டத்துக் கணக்குகளில் அங்குலத்தில் இருக்கும் மழையை 25.4ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும்.

இதில் ஓர் அழகான பொருத்தம் உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லீட்டர். தண்ணீர் என்பதால் அது ஒரு கிலோவும்கூட. ஆகவே மில்லிமீட்டரையும் சதுர மீட்டரையும் பெருக்கினால் லீட்டர் நேராகவே வந்துவிடும். 550 சதுர அடிக் கூரை ஏறத்தாழ 51 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு அந்தக் கூரையில் விழுவது 510 லீட்டர். தாங்கி வைத்துப் பிடிக்க நினைப்பவர்கள் கணக்கை இங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொரு கணக்கும் நமக்கு வேண்டும். 7 பேர்ச் என்பது 177 சதுர மீட்டர். அதன்மேல் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 17,700 லீட்டர், அதாவது ஏறத்தாழ பதினேழே முக்கால் தொன் தண்ணீர். ஒரே ஒரு வீட்டுத் துண்டுக்கு. அதற்கு மேலே இருக்கும் மலை முழுவதுக்கும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும்போது 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீட்டர் என்ற எல்லைகளைப் பார்ப்பது இதனால்தான். "நூறு மில்லிமீட்டர்தானே, பத்து சென்ரிமீட்டர், கையளவு" என்று கேட்கும்போது அது சிறிதாகத் தோன்றும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாம், அந்தக் கையளவைத் தொன்னாக மாற்றிப் பார்க்கப் பழக வேண்டும்.

வெப்பநிலை: பெருக்கினால் மட்டும் போதாது

அடியும் மீட்டரும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பூச்சிய அடி என்றால் பூச்சிய மீட்டர். பரனைட்டும் செல்சியஸும் அப்படித் தொடங்குவதில்லை. தண்ணீர் உறையும் இடம் செல்சியஸில் 0, பரனைட்டில் 32. அதனால் செல்சியஸை 1.8ஆல் பெருக்கி, அதோடு 32ஐக் கூட்ட வேண்டும். 37 பாகை செல்சியஸ் 98.6 பரனைட். 38 பாகை என்றால் 100.4, காய்ச்சல்.

வெப்பநிலைக்கும் வெப்பநிலை வித்தியாசத்துக்கும் ஒரே சூத்திரத்தைப் போடக் கூடாது. மலை ஏற ஏற, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குளிர் கூடும். ஆயிரம் அடி என்பது 304.8 மீட்டர், ஆகவே ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 பாகை. கடல் மட்டத்தில் 27 பாகை என்றால், ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் நுவரெலியாவில் 12 பாகை குறைந்து 15 வரவேண்டும். அங்கே வருடச் சராசரி 16ஐ ஒட்டியே இருக்கிறது, கணக்கு பரவாயில்லை. அந்த "2 பாகை குறையும்" என்பதைப் பரனைட்டில் சொல்லக் கைத்தொலைபேசியில் தட்டினால் 35.6 என்று காட்டும். அது 2 பாகை வெப்பநிலைக்கான விடை. வித்தியாசத்துக்கு 32ஐக் கூட்டக் கூடாது, 1.8ஆல் பெருக்குவது மட்டும்தான்: 3.6 பாகை பரனைட்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்?

வீட்டுக் கணக்குக்கு எல்லா இடத்திலும் நுணுக்கம் தேவையில்லை. இறாத்தல் பாண் 453.6 கிராம் என்று இருக்க வேண்டியதை நாட்டில் 450 கிராம் என்றே வைத்திருக்கிறார்கள். அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் கணக்கின் நடுவில் எண்களைச் சுருக்காதீர்கள். கடைசி விடையில் சுருக்குங்கள். எத்தனை இலக்கம் வைப்பது என்பது அலகின் அளவைப் பொறுத்தது.

புதிய நில அளவைப் படங்களில் பரப்பு ஹெக்டேயரில் வருகிறது. ஹெக்டேயர் என்பது 10,000 சதுர மீட்டர், 395 பேர்ச்சுக்கு மேல். இவ்வளவு பெரிய அலகில் ஒரு வீட்டுக் காணியைச் சொல்லும்போது எண் மிகச் சிறிதாகிவிடும்: 7 பேர்ச் என்பது 0.0177 ஹெக்டேயர், 10 பேர்ச் என்பது 0.0253 ஹெக்டேயர். யாராவது 0.0177ஐ 0.017 என்று வெட்டி எழுதினால், காணாமல் போன கடைசி 7இன் மதிப்பு ஏழு சதுர மீட்டர், ஏறத்தாழ 75 சதுர அடி. லயக் காம்பராவில் பாதிக்கும் மேல். ஆகவே ஹெக்டேயரில் எழுதிய தாள் கைக்கு வந்தால், புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை 395.37ஆல் பெருக்குங்கள், பேர்ச் வரும். அது உங்களுக்குச் சொல்லப்பட்ட பேர்ச்சோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.